பவர் காருக்கு பிரேக் பார்ட்ஸ்: மாத்த வேண்டியது எது, தேடி வாங்குறது எப்படி?

இன்னைக்குக் கொஞ்சம் கிரீஸ் கையோட பேசப்போறோம்.

எலெக்ட்ரிக் கார் வாங்கப் போறவங்க கேக்குற கேள்வி எல்லாம் ரேஞ்ச், சார்ஜிங், பேட்டரி வாரன்டி பத்தித்தான் இருக்கும். ஷோரூம்லயும் "சார், இதுல இன்ஜின் ஆயில் கிடையாது, கிளட்ச் கிடையாது, பிரேக் பேட் கூட சீக்கிரம் தேயாது"ன்னு சொல்லுவாங்க. அதுல முக்கால்வாசி உண்மை. மிச்சக் கால்வாசிக்குத்தான் இந்த எபிசோடு.

எங்க அத்தை ஊர் குன்றாண்டார்கோவில். புதுக்கோட்டை மாவட்டம், கீரனூர் பக்கம். பாறையைக் குடைஞ்சு எடுத்த சிவன் கோவில் இருக்கிற ஊர். கோவில் முன்னாடி ஒரு மண்டபம், குதிரை இழுக்கிற தேர் மாதிரியே சக்கரமெல்லாம் வெச்சு கல்லுல செதுக்கியிருப்பாங்க. அந்தப் பக்கம் போனா ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க. நம்ம விஷயம் அந்தத் தேர் இல்ல, அத்தை மகன் வாங்கியிருக்கிற தேர். ரெண்டு மோட்டார், நாலு சக்கரத்துக்கும் பவர். ஆக்சிலரேட்டரை மிதிச்சா கழுத்து பின்னாடி போய் ஒட்டிக்கும். செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. எந்தக் கம்பெனின்னு சொல்லப்போறதில்ல, ஏன்னா சொல்ல வர்ற விஷயம் ஏறக்குறைய எல்லா கம்பெனிக்கும் பொருந்தும்.

ஐப்பசி, கார்த்திகை மழை முடிஞ்சு அவன் காரை எடுத்தப்போ பின்னாடியிருந்து கரகரன்னு சத்தம். பிரேக் மிதிச்சா லேசா ஒரு உதறல். சர்வீஸ் சென்டர்ல விட்டான். எஸ்டிமேட் வந்தது: நாலு டிஸ்க், நாலு சக்கரத்துக்கும் பேட், பின்னாடி ரெண்டு காலிப்பர், ஆயில், கூலி, எல்லாம் சேர்த்து ரெண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல. பார்ட்ஸ் வர ஆறு வாரம். போன் பண்ணினான். "மாப்ள, இந்தக் காசுக்கு ஒரு புது புல்லட்டே வாங்கிடலாம்டா. வெளில எங்கயாவது கம்மியா கிடைக்குமா, பாரு."

"எங்க கம்மியா கிடைக்கும்"ங்கிறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. இதெல்லாம் உண்மையிலேயே மாத்தணுமா? பெட்ரோல் கார்ல பிரேக் பார்ட்ஸ் தேஞ்சு போறதால மாத்துறோம். எலெக்ட்ரிக் கார்ல அது பெரும்பாலும் சும்மா இருந்தே கெட்டுப்போகுது. இந்த ஒரு வித்தியாசம் புரிஞ்சாலே எஸ்டிமேட்ல பாதி கரைஞ்சிடும்.

முதல்ல, ஏன் இவ்வளவு விலை? ஒரு சின்ன கணக்கு. 950 கிலோ எடையுள்ள ஒரு சின்ன பெட்ரோல் கார் 100 கிலோமீட்டர் வேகத்துல போகும்போது அதுக்குள்ள இருக்கிற இயக்க ஆற்றல் சுமார் 3.7 லட்சம் ஜூல். பவர் எலெக்ட்ரிக் கார் பேட்டரியோட சேர்த்து 2,100 கிலோ வரும். அதே வேகத்துல 8.1 லட்சம் ஜூல். ரெண்டு மடங்குக்கும் மேல. வேகத்தை 140 ஆக்கினா அது இன்னும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, ஏன்னா ஆற்றல் வேகத்தோட வர்க்கத்துல ஏறும். நின்னாகணும்னா அவ்வளவு ஆற்றலும் எங்கயாவது போயாகணும். அதனால இந்த மாதிரி கார்களுக்குப் பெரிய டிஸ்க், முன்னாடி நாலு பிஸ்டன் வெச்ச காலிப்பர். கியா ஈ.வி. 6 ஜி.டி.க்கு முன் டிஸ்க் 380 மில்லிமீட்டர், நம்ம ஊர் தோசைக்கல் அளவு. டெஸ்லா மாடல் 3 பெர்ஃபார்மன்ஸ்ல 355. நம்ம ஊர்ல 2024-ல் வந்த பி.ஒய்.டி. சீல் பெர்ஃபார்மன்ஸ் 530 குதிரைத்திறன், 100-ஐத் தொட 3.8 செகண்ட். இதெல்லாம் ஸ்விஃப்ட் மாதிரி லட்சக்கணக்குல ஓடுற வண்டி கிடையாது. அதனால பார்ட்ஸ் கடைக்காரர் ஸ்டாக் வெக்க மாட்டார், வெளிநாட்டுலயிருந்து வந்தா சுங்க வரி, அதுக்கு மேல ஜி.எஸ்.டி. போதாக்குறைக்கு, இருபது ரூபா ரப்பர் சீல் போனாலும் காலிப்பரை முழு செட்டா மாத்தணும்னு சொல்ற பழக்கம் வேற.

ஆனா அந்தப் பெரிய டிஸ்க் தினசரி வேலை செய்யுதான்னா, இல்ல. ஆக்சிலரேட்டர்லயிருந்து காலை எடுத்ததும் மோட்டார் ஜெனரேட்டரா மாறி, வண்டி வேகத்தைக் கரண்டா மாத்தி பேட்டரிக்கு அனுப்பிடுது. ரீஜென். ஊருக்குள்ள ஓட்டும்போது வேகம் குறைக்கிறதுல பெரும்பகுதி இதுதான். பேட் போய் டிஸ்க்கைத் தொடுறதே அபூர்வம். டிஸ்க் என்னன்னா, சாதாரண வார்ப்பிரும்பு. பெயின்ட் அடிக்க முடியாது, எண்ணெய் தடவ முடியாது. பெட்ரோல் கார்ல தினம் பேட் உரசி உரசி அதைப் பளபளன்னு வெச்சிருக்கும். இங்க உரச ஆள் இல்ல. மழை ஈரம், கழுவின தண்ணி, தகர ஷெட்டுக்குள்ள ரெண்டு வாரம் நிக்கிற வண்டி. துரு பிடிக்காம என்ன செய்யும்?

துரு டிஸ்க்கோட நின்னுடாது. காலிப்பர் நகர்றதுக்குன்னு ரெண்டு ஸ்லைடர் பின் இருக்கும். அது காய்ஞ்சு இறுகிடும். பேட் உட்கார்ற இடத்துல துரு வீங்கி பேட்டைக் கவ்விக்கும். அப்போ ஒரு பக்கப் பேட் டிஸ்க்கை விடாம உரசும், இன்னொரு பக்கம் தொடவே தொடாது. மச்சான் கார்ல கேட்ட கரகர அதுதான்.

இது கம்பெனிகளுக்குத் தெரியாத விஷயம் இல்ல. ஃபோக்ஸ்வேகன் தன்னோட ஐ.டி. 3, ஐ.டி. 4 கார்களுக்குப் பின்னாடி பழைய டிரம் பிரேக்கே வெச்சது. "இவ்வளவு விலைக்கு டிரம்மா?"ன்னு யூடியூப்ல கிண்டல் பண்ணாத ஆள் இல்ல. ஆனா டிரம் மூடி இருக்கும், ஈரம் சுலபமா போகாது, சும்மா இருந்தாலும் துரு கம்மி. எனக்கு அது கஞ்சத்தனமா தெரியல, புத்திசாலித்தனமாத்தான் தெரியுது. டெஸ்லாவும் குளிர்காலத்துல ரோட்டுல உப்பு போடுற ஊர்கள்ல வருஷத்துக்கு ஒரு தடவை காலிப்பரைக் கழட்டிச் சுத்தம் பண்ணி கிரீஸ் வைக்கச் சொல்லுது. நம்ம ஊர்ல ரோட்டுல உப்பு இல்ல, ஆனா கடற்கரை ஓரமும் மழைக்காலமும் இருக்கே.

"அப்போ பிரேக்கைக் கொஞ்சம் அப்படி இப்படி விட்டா என்ன? அதான் மோட்டாரே நிறுத்துதே"ன்னு கேப்பீங்க. இங்கதான் உயிர் விஷயம் வருது. மோட்டார் தர்ற நிறுத்தம் மென்மையானது. முழு பிரேக்ல ஒரு நல்ல கார் கொடுக்கிற நிறுத்த சக்தில கால்வாசி, மிஞ்சிப் போனா மூணுல ஒரு பங்குதான் ரீஜென்னால முடியும். மீதி முழுக்க டிஸ்க்கும் பேட்டும். ஏ.பி.எஸ். வேலை செய்ய ஆரம்பிச்சா நிறைய கார்கள்ல ரீஜென் ஒதுங்கிடும். இன்னொண்ணு, பேட்டரி முழுசா நிறைஞ்சிருந்தா ரீஜென் கரண்டைப் போட இடம் இல்ல. ராத்திரி வீட்டுல 100 சதவீதம் சார்ஜ் போட்டு, காலையில கிளம்பி, காலை எடுத்தா வண்டி வழக்கம் போல மெதுவாகாது. சில புது கார்கள் அந்த நேரத்துல தானா டிஸ்க் பிரேக்கைப் போட்டு ஈடு கட்டும். எல்லா காரும் பண்ணாது. காலையில ஏழு மணிக்கு அத்தை ஊர் ரோட்டுல ஆட்டு மந்தை குறுக்க வர்ற நேரமும் அதுதான். அன்னைக்கு வேலை செய்ய வேண்டியது மூணு மாசமா வேலையே இல்லாம துருப்பிடிச்சு உட்கார்ந்திருக்கிற அந்தப் பேட்.

திருவாரூர் ஆழித்தேரைப் பார்த்திருக்கீங்களா? அதுக்கு திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் வெச்சுக் கொடுத்திருக்கு. ஆனாலும் சக்கரத்துக்குப் பக்கத்துல முட்டுக்கட்டையோட ஆள் நடந்துக்கிட்டேதான் வருவாங்க. தேர் திரும்புறதும் அடங்குறதும் அவங்க கையில. அந்தக் கட்டை போடுற ஆள் தூங்கிட்டார்னா என்ன ஆகும்னு யோசிச்சுக்கங்க.

சரி, மச்சான் காருக்கு வருவோம். கீரனூர்ல எனக்குத் தெரிஞ்ச ஒரு மெக்கானிக் அண்ணன். இருபது வருஷமா டீசல் வண்டி பார்க்கிறவர். எலெக்ட்ரிக் கார்ல கை வைக்க முதல்ல யோசிச்சார். "தம்பி, ஆரஞ்சு கலர் வயர் பக்கம் நான் போக மாட்டேன். பிரேக் மட்டும்னா பார்க்கிறேன், அதுவும் இரும்பும் ரப்பரும்தானே"ன்னார். அது சரியான எல்லை. ஆரஞ்சு உறை போட்ட வயர் எல்லாம் ஹை வோல்டேஜ். சக்கரம் பக்கம் அது வராது.

நாலு சக்கரமும் கழட்டி அளந்தோம். அளவுதான் இங்க பேசணும், வேற யாரும் இல்ல. ஒவ்வொரு டிஸ்க் ஓரத்துலயும் குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவுன்னு பொறிச்சிருக்கும். அதுக்குக் கீழ போனா தூக்கிப் போட வேண்டியதுதான், பேச்சே இல்ல. பின் டிஸ்க்ல பொறிச்சிருந்தது 18 மில்லிமீட்டர். மைக்ரோமீட்டர் வெச்சு அளந்தா 19.8. புது டிஸ்க் 20. அதாவது அது தேயவே இல்ல. மேல துரு, ஒரு பக்கம் மட்டும் குழிக் குழியா இருந்துச்சு, அவ்வளவுதான். முன் பேட் 9 மில்லிமீட்டர் பாக்கி. பேட்ல 3 மில்லிமீட்டருக்குக் கீழ வந்தாத்தான் மாத்துற யோசனையே வரணும். பின்னாடி இடது பக்க ஸ்லைடர் பின் ஒண்ணு இறுகிப்போய், அந்தப் பக்க உள் பேட் மட்டும் சாய்வா தேஞ்சிருந்துச்சு. ரெண்டு லட்ச ரூபா எஸ்டிமேட்டோட நிஜமான காரணம் விரல் நீளமுள்ள அந்தப் பின்.

ஆக, முன்னாடி சுத்தம் பண்ணினா போதும். பின்னாடி ரெண்டு பக்கத்துக்கும் புது பேட். பேட்டை எப்பவும் ஆக்ஸிலுக்கு ஜோடியாத்தான் மாத்தணும், ஒரு பக்கம் மட்டும் மாத்தினா வண்டி இழுக்கும். ஸ்லைடர் பின்னும் ரப்பர் பூட்டும் சேர்ந்த கிட் ஒண்ணு. டிஸ்க் ரெண்டையும் துவாக்குடி பக்கம் ஒரு லேத் பட்டறையில கொடுத்தோம். பெல் வேலைக்காகவே வளர்ந்த பட்டறைகள் அந்தப் பக்கம் நிறைய, கை சுத்தமான ஆளுங்க. 19.2-க்கு வழிச்சுக் கொடுத்தாங்க. திருப்பி மாட்டறதுக்கு முன்னாடி ஹப்ல இருக்கிற துருவை மழுங்கத் தேய்க்கணும். இல்லன்னா டிஸ்க் கோணலா உட்கார்ந்து மறுபடி உதறும். மாட்டினதுக்கு அப்புறம் டயல் கேஜ் வெச்சா ஆட்டம் 0.05 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும். ஒரு எச்சரிக்கை: கார்பன் செராமிக் டிஸ்க்கை இப்படி லேத்துல போடவே கூடாது. உங்க வண்டில எதுன்னு பார்த்துட்டுப் பேசுங்க.

இப்போ பேட் தேடுற கதை. எல்லாரும் பண்றது, கடைக்குப் போய் கார் பேரைச் சொல்லிக் கேக்கிறது. "இந்தக் காருக்கெல்லாம் வராது சார்"னு அனுப்பிடுவாங்க. கார் பேரை விடுங்க. கழட்டின பழைய பேட்டைக் கையில எடுத்துப் பின்பக்கம் பாருங்க. இரும்புத் தகட்டுல நம்பர் இருக்கும். ஐரோப்பாவுல டபிள்யூ.வி.ஏ.ன்னு ஒரு ஐந்து இலக்க எண், அமெரிக்காவுல எஃப்.எம்.எஸ்.ஐ.ன்னு 'டி' எழுத்துல ஆரம்பிக்கிற எண். இது கார் பேரைச் சொல்லாது, பேட்டோட வடிவத்தைச் சொல்லும். காலிப்பர் செய்றவங்க உலகத்துல கொஞ்சப் பேர்தான். ஒரே காலிப்பர் நாலு கம்பெனி கார்ல உட்காரும். அதனால உங்க ஐம்பது லட்ச ரூபா காரோட பேட் வடிவம், வேற ஏதோ ஒரு பெட்ரோல் எஸ்.யூ.வி.க்கும் சேர்ந்தே இருக்க வாய்ப்பு நிறைய. அந்த எஸ்.யூ.வி. பேரைச் சொன்னா கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். மச்சான் காருக்கு நடந்தது அப்படியேதான். நம்பரை வெச்சுத் தேடினதுல அதே வடிவம் இன்னொரு டீசல் வண்டிக்கும் போறது தெரிஞ்சுது. திருச்சில ரெண்டு நாள்ல கிடைச்சது. வாங்குறதுக்கு முன்னாடி பழைய பேட்டையும் புதுசையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு தகட்டு வடிவம், தடிமன், தேய்மான சென்சார் வர்ற இடம் மூணையும் பார்த்துக்கங்க.

வடிவம் சரி, உள்ள இருக்கிற மருந்து? பேட் ஓரத்துல ரெண்டு ஆங்கில எழுத்து அச்சடிச்சிருக்கும். முதல் எழுத்து சாதாரண சூட்டுல உராய்வு எவ்வளவு, ரெண்டாவது கடும் சூட்டுல எவ்வளவு. 'ஈ'ன்னா 0.25-லயிருந்து 0.35. 'எஃப்'னா 0.35-லயிருந்து 0.45. 'ஜி'ன்னா 0.45-லயிருந்து 0.55. ஒரிஜினல்ல 'எஃப் எஃப்' இருந்தா நீங்க வாங்குறதுலயும் குறைஞ்சது அது இருக்கட்டும். ரெண்டாவது எழுத்து முதல் எழுத்தை விடக் கீழ போனா, சூடானதும் பிரேக் மங்கும்னு அர்த்தம். ரெண்டு டன் வண்டிக்கு அது வேணாம். இது சின்னத் துண்டை வெச்சு லேப்ல எடுக்கிற அளவுதான், தரச் சான்றிதழ் இல்ல. ஆனாலும் வடிகட்ட உதவும். ஐரோப்பிய விதி ஆர் 90-ன்னு ஒண்ணு இருக்கு. மாற்று பேட்டோட செயல்பாடு ஒரிஜினல்லயிருந்து 15 சதவீதத்துக்கு மேல விலகக் கூடாதுங்கிறது அதுல ஒரு நிபந்தனை. தகட்டுல வட்டத்துக்குள்ள 'ஈ'யும் ஒரு எண்ணும், பக்கத்துல 90 ஆர்-னு இருந்தா அந்தச் சோதனை தாண்டினது. ஒரிஜினல் டப்பா இல்லாம வாங்குறவங்களுக்கு இதை விட நல்ல அடையாளம் நான் பார்க்கல.

ரேஸ் பேட் வாங்கிடலாமான்னு சில பசங்க கேப்பாங்க. வேணாம்டா. அது சூடானாத்தான் பிடிக்கும். ரீஜென் இருக்கிற வண்டில அது சூடாகவே ஆகாது. எலெக்ட்ரிக் காருக்கு வேண்டியது, குளிர்ந்த நிலையில முதல் மிதிக்கே பிடிக்கிற, இரும்புத்தூள் கம்மியா இருக்கிற, டிஸ்க்கோட துருவுல ஒட்டிக்காத பேட்.

இந்த விஷயத்துல நம்ம ஊருக்கு ஒரு வேடிக்கையான நிலைமை. சென்னை பாடியில 1962-ல் ஆரம்பிச்ச பிரேக்ஸ் இந்தியா, அதே பாடியில சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், அம்பத்தூர்ல ரானே பிரேக் லைனிங், ரானேவுக்கு திருச்சிலயும் ஆலை. நாட்டுக்கே பிரேக் செஞ்சு கொடுக்கிற ஊர் இது. பிரேக்ஸ் இந்தியா டி.வி.எஸ். அப்பாச்சி பிராண்டுல எலெக்ட்ரிக் கார்களுக்குன்னே 'ஸாப்'னு பேட் கொண்டுவந்திருக்கு. நம்ம மாநிலத்துல ஓடுற டாடா, மஹிந்திரா எலெக்ட்ரிக் வெச்சிருக்கிறவங்க இந்த மாதிரி உள்ளூர்க் கம்பெனி கேட்டலாகை முதல்ல பாருங்க. வெளிநாட்டு பவர் காருக்கு நேரடியா பேர் போட்டு இருக்காது, வடிவ நம்பர்தான் வழி.

போலியைப் பத்தியும் சொல்லியாகணும். டப்பா ஒரிஜினல் மாதிரியே இருக்கும், ஹாலோகிராம் கூட இருக்கும். என்னோட விதி ஒண்ணுதான்: ஜி.எஸ்.டி. பில் தராத கடையில பிரேக் வாங்க மாட்டேன். பில்ல பார்ட் நம்பர் இருக்கணும், டப்பாவுல இருக்கிற பேட்ச் நம்பரும் தகட்டுல இருக்கிற நம்பரும் ஒத்துப்போகணும். 2025 செப்டம்பர் 22-லயிருந்து வண்டி உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். முன்னாடி பெரும்பாலானதுக்கு 28 இருந்துச்சு. பில் இல்லாம வாங்கி மிச்சப்படுத்துறதும் அந்த அளவுக்குக் குறைஞ்சுபோச்சு.

புதுப்பேட்டை? கண்டிப்பா கேப்பீங்க. உடைச்ச வண்டிலயிருந்து கதவு, கண்ணாடி, ஹெட்லைட் எல்லாம் வாங்கலாம். பழைய பேட், பழைய டிஸ்க் வாங்கவே கூடாது. காலிப்பர் வார்ப்பு மட்டும் நல்லா இருந்தா, புது சீல் கிட் போட்டுக்கிற தெம்பு இருந்தா, யோசிக்கலாம். ஆனா பின் காலிப்பர்ல பார்க்கிங் பிரேக் மோட்டார் சேர்ந்தே இருக்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துல மூழ்கின வண்டிங்க எத்தனை உடைக்கப்போயிருக்கும்னு யோசிங்க. தண்ணி குடிச்ச மோட்டாரை வெளியில பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

"வெளில பேட் மாத்தினா பேட்டரி வாரன்டியே போயிடும்"னு மச்சானை யாரோ பயமுறுத்தியிருந்தாங்க. இதுக்கு ஒரு வரலாறு இருக்கு. கார் கம்பெனிகள் உதிரிபாகங்களை வெளிச்சந்தையில விடாம, தங்களோட டீலர் வழியா மட்டுமே விக்கிறாங்கன்னு ஒரு புகார் இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போச்சு. 2014 ஆகஸ்ட் 25-ம் தேதி தீர்ப்பு. 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544.65 கோடி ரூபா அபராதம். அபராதம் மேல்முறையீடு, கோர்ட்டுன்னு போயிடுச்சு. ஆனா அந்த உத்தரவுல இருக்கிற தர்க்கம் நமக்கு முக்கியம். உதிரிபாகங்களை வெளிச்சந்தைக்கு விடணும், வெளி மெக்கானிக்கிட்ட போனாங்கிற ஒரே காரணத்துக்காக வாரன்டியை ஒட்டுமொத்தமா ரத்து பண்ணக் கூடாது, வெளி வேலையால வந்த சேதத்துக்கு மட்டும் கம்பெனி பொறுப்பு மறுக்கலாம். அப்படித்தான் நியாயமும் சொல்லுது. பிரேக் பேட் மாத்தினதுக்கும் பேட்டரி செல் போனதுக்கும் என்ன சம்பந்தம்? 2022 டிசம்பர்ல மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'ரைட் டு ரிப்பேர்'னு ஒரு இணையதளமும் ஆரம்பிச்சது. அது எடுத்துக்கிட்ட நாலு துறைகள்ல வாகனமும் ஒண்ணு. டீலர் மல்லுக்கட்டினா 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். பேசுறதுக்கு முன்னாடி வாரன்டி புத்தகத்தை முழுசா படிச்சிடுங்க. வாய்ல சொன்னதை எழுத்துல தரச் சொல்லுங்க. பாதி பேர் அங்கயே இறங்கி வருவாங்க.

பார்ட்ஸ் கையில வந்தாச்சு. மாட்டுறப்போ கவனிக்க வேண்டியது, பழைய வண்டி பழக்கத்துல பின் பிஸ்டனை சி-கிளாம்ப் வெச்சு அழுத்தக் கூடாது. உள்ள பார்க்கிங் பிரேக் மோட்டார் பிடிச்சிருக்கும், பல் உடையும். அப்புறம் நிஜமாவே காலிப்பர் வாங்க வேண்டி வரும். முதல்ல வண்டியை பிரேக் மெயின்டனன்ஸ் மோடுக்குக் கொண்டு போகணும். சில கார்கள்ல திரையிலயே இருக்கும், மத்ததுக்கு ஸ்கேனர் வேணும். எங்களுக்கு ஸ்கேனர் வாடகைக்குக் கிடைச்சுது. இன்னொரு ஆபத்து: நிறைய எலெக்ட்ரிக் கார்ல கதவைத் திறந்தாலோ சாவி பக்கத்துல வந்தாலோ வண்டி முழிச்சுக்கும், பிரேக் பம்ப் தானா பிரஷர் ஏத்தும். காலிப்பர்ல பேட் இல்லாத நேரத்துல அது நடந்தா பிஸ்டன் வெளிய வந்துடும், விரல் உள்ள இருந்தா விரலும் போகும். சாவியைத் தூரமா வைங்க. குழந்தைங்களை வண்டிப் பக்கம் விடாதீங்க. அத்தை வீட்டுல சாவி அரிசி டப்பா மேல போய் உட்கார்ந்துச்சு.

பிரேக் ஆயில். அதுல கையை இறுக்காதீங்க. அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். டாட் 4 ஆயில் புதுசா இருக்கும்போது கொதிநிலை குறைஞ்சது 230 டிகிரி, ஈரம் ஏறினதுக்கு அப்புறம் 155 வரைக்கும் இறங்கலாம். ஓடினாலும் ஓடலன்னாலும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தியாகணும். "பேட்டே தேயல, ஆயில் எதுக்கு"ன்னு தள்ளிப்போடுற ஆளுங்க எலெக்ட்ரிக் கார்க்காரங்கள்ல நிறைய. ஈரம் உள்ள இருக்கிற ஏ.பி.எஸ். யூனிட்டை அரிச்சா, அந்தப் பில் முன்னால ரெண்டு லட்சமெல்லாம் சில்லறை.

மச்சானுக்கு ஆன செலவு: பின் பேட் 6,800, பின் கிட் 1,900, லேத் 1,600, ஆயில் 900, கூலி 2,500, ஸ்கேனர் 1,000. மொத்தம் 14,700. உங்க வண்டிக்கு இதே தொகை வரும்னு நான் சொல்லல. உங்க டிஸ்க் நிஜமாவே தேஞ்சிருந்தா வாங்கித்தான் ஆகணும், அப்போ மேல சொன்ன நம்பர் வழியில டிஸ்க்கையும் தேடுங்க.

புது பேட் போட்டதும் அதை டிஸ்க்குக்குப் பழக்கணும். பெட்ரோல் கார்ல ஓட்ட ஓட்டத் தானா நடக்கும். இங்க ரீஜென் குறுக்க நிக்கும், பேட் தொடவே தொடாது. அதனால ரீஜென்னை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைச்சு, ஆள் இல்லாத நேரமா பார்த்து 60-லயிருந்து 10 வரைக்கும் மிதமா, நிறுத்தாம, பத்து பன்னெண்டு தடவை பிரேக் பிடிங்க. நடுவுல அரை கிலோமீட்டர் ஓட்டி ஆற விடுங்க. முழுசா நிறுத்திச் சூட்டோட பெடலை அழுத்திக்கிட்டு நிக்காதீங்க, பேட் தடம் டிஸ்க்ல பதியும். அப்புறம் வாரத்துக்கு ஒரு நாள், முக்கியமா மழை விட்ட அன்னைக்கும் வண்டி கழுவின அன்னைக்கும், வீட்டுல நிறுத்துறதுக்கு முன்னாடி இதே மாதிரி நாலு தடவை பிடிச்சா ஈரம் காய்ஞ்சிடும். மச்சான் இதை ஞாயித்துக்கிழமை கறி வாங்கப் போற வழியில பண்றான். அத்தைக்குத்தான் பின் சீட்டுல உட்கார்ந்து தலை சுத்துதாம்.